சீட்டுக் குலுக்கி அனுப்பிய சனிக்கிழமை

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை டிக்கெட்டை விரலிடுக்கிலேயே வைத்திருப்பேன். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு மூன்றாவது தடவையும் திரும்பி வருவேன். "கவலைப்படுறதுக்குன்னு ஒரு ஆபீஸ் தொறந்தா அதுக்கு நீதான் மேனேஜர்" என்று என் கணவர் கேலி செய்வார். அப்படிப்பட்ட என்னிடம்தான் பிள்ளைகளுக்கு மேனேஜர் வேலையை அறிமுகப்படுத்தும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

பிளஸ் டூ வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம். வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டி ரோட்டை ஒட்டியிருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வணிகவியல் ஆசிரியை. கும்பகோணத்திலிருந்து தினமும் ஒன்றேகால் மணி நேரம் பஸ். பள்ளிக்கூட ஸ்டாப்பில் மூன்று கொடிக்கம்பங்கள் நிற்கும். இரண்டு கறுப்பு சிவப்பு, ஒன்று செங்கொடி. கறுப்பு சிவப்புக்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்த பிறகு, யார் கம்பம் உயரம் என்பதில் வருடத்துக்கொரு தடவை போட்டி நடக்கும். செங்கொடிக்காரர்களுக்குக் கம்பத்தைப் பற்றிக் கவலை கிடையாது. அவர்களுக்கு அறுப்புக் கூலியைப் பற்றித்தான் பேச்சு.

ஒருநாள் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையை என் பக்கம் தள்ளினார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொழில் வழிகாட்டல் நடத்த வேண்டுமாம். டாக்டர், இன்ஜினியர் எல்லாம் அறிவியல் ஆசிரியருக்குப் போய்விட்டது.

"நிர்வாகம் உங்களுக்கு. காமர்ஸ்னா மேனேஜ்மென்ட்தானே டீச்சர்" என்றார்.

"எனக்கு அதுல அனுபவம் இல்லீங்க சார்."

"யாருக்குத்தான் இருக்கு? ஏதாவது பண்ணுங்க. ரிக்கார்டு மட்டும் சுத்தமா இருக்கட்டும்."

என் வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். பி.காம் படித்தபோது மனப்பாடம் செய்த திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டுப்படுத்தல் என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "சரி, மேனேஜர்னா யாரு? உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க" என்று கேட்டேன். கையெழுத்துப் போடுபவர் என்றான் ஒருவன். ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்திருப்பவர் என்றாள் ஒருத்தி. டூரிங் டாக்கீஸ் மேனேஜர் தன் மாமாவை டிக்கெட் இல்லாமல் விட்டதில்லை என்று இன்னொருவன் குறைப்பட்டுக்கொண்டான்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கீழத்தெருப் பெண். பண்ணை நிலத்தில் நடவும் அறுப்பும் செய்கிற குடும்பம். அவள் அப்பா செங்கொடிச் சங்கத்தில் தெருவுக்காகக் கூலி பேசுகிறவர்.

"டீச்சர், அம்பது பொம்பளைங்க ஒரே நாள்ல நாலு வயலு நடணும்னா, யாரு எந்த வயல்ல எறங்கணும், நாத்து முடி யாரு தூக்கிப் போடணும், கைப்பிள்ளக்காரி எந்த வரப்பு ஓரம் நிக்கணும்னு ஒருத்தராவது முன்னாடியே நெனச்சு வெச்சிருக்கணும்ல. எங்க தெருவுல எங்க அத்தை நெனச்சு வெச்சிருப்பாங்க. அவங்க மேனேஜரா டீச்சர்?"

நாற்று முடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். ஆனால் நான் கரும்பலகையில் எழுதியதை அந்தப் பெண் ஒரே மூச்சில் வயலில் இறக்கிவிட்டாள் என்பது புரிந்தது. ஆமாம் என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த ஒருத்தி போதும், இவளை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த யோசனை வந்தது. ஆளுக்கொரு மேனேஜரிடம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். நானே அலைந்து இடம் பிடித்தேன். அரிசி மில், பால் சங்கம், பாங்கு, உரக்கடை என்று ஏழு சேர்ந்தது. எட்டாவதுக்குப் பண்ணைக் காரியஸ்தரிடம் போனேன். மிராசுதார் மெட்ராஸில் இருந்தார். நிலம் முழுவதையும் பார்த்துக்கொண்டவர் இந்தக் காரியஸ்தர்தான். போன வருடம்தான் புதிதாக வந்தவர். "ஒரு பிள்ளைய அனுப்புங்க, மூலையில உக்காந்துட்டுப் போவட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

யாருக்கு எந்த இடம் என்று நான் ஒதுக்கினால் பாரபட்சம் என்பார்களே என்று பயம். பாங்குக்கு எல்லாரும் ஆசைப்படுவார்கள். அதனால் சீட்டு எழுதிக் குலுக்கினேன். "யாரும் மாத்திக்கக் கூடாது, மாத்தினா எல்லாருக்கும் ரத்து" என்று ஒரு சட்டமும் போட்டேன். கீழத்தெருப் பெண் எடுத்த சீட்டில் பண்ணை வந்தது. அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். சரி டீச்சர்."

சம்பா அறுப்பு தொடங்கும் நேரம் அது. கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டிருப்பதை டீக்கடையில் நானும் கேட்டிருந்தேன். அவள் அப்பா யாரென்றும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் இரண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசிக்கவில்லை. கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் இதை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நான் பள்ளிக்கூட வராண்டாவில் காத்திருந்தேன். மூன்று மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்து தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏழு பேர் வந்தாயிற்று. நாலரை ஆகியும் அவளைக் காணவில்லை. கேட்டுக்கும் வராண்டாவுக்குமாக நடந்தேன். ஐந்து மணிக்கு ரோட்டோரமாக வந்தாள். யூனிபார்மில் இருந்தாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு.

"டீச்சர், எவர்சில்வர் டம்ளர்ல காபி கொடுத்தாங்க. யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேக்கவே இல்ல."

பிறகு தாள்களை நீட்டினாள். "ரெண்டாவது பக்கத்துல ஒண்ணு எழுதிருக்கேன் டீச்சர். யார்ட்டயும் காட்டாதீங்க."

அங்கேயே நின்று படித்தேன். முத்து முத்தான கையெழுத்து. எந்த வயல் எந்த வாரம் முற்றும், எந்த வாய்க்கால் கரையில் வண்டி போகும், மழை வந்தால் கட்டுகளை எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் காரியஸ்தர் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்து எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "திங்கட்கிழமை விடிந்ததும் வேதாரண்யம் பக்கத்திலிருந்து இரண்டு லாரியில் அறுப்பு ஆட்கள் வருவார்கள் என்றும், அவர்களுக்கு எங்கே சோறு ஆக்குவது என்றும் எழுதியிருக்கிறார். கீழத்தெருவுக்குத் தெரியக்கூடாது என்று அடியில் கோடு போட்டிருக்கிறார். இது நல்ல திட்டமிடல். ஆனால் நாங்கள் அறுக்காவிட்டால் எங்கள் வீடுகளில் இந்த வருஷத்து நெல் கிடையாது."

கூலித் தகராறில் குடிசைகள் எரிந்த மாவட்டம் இது. வெளியூர் ஆள் இறங்கினால் என்ன ஆகும் என்று இங்கே பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். விஷயம் வெளியே தெரிந்தால் யார் சொன்னது என்று காரியஸ்தர் கேட்பார். தெரியாமல் போனால், தெரிந்தும் சொல்லவில்லையே என்று தெரு கேட்கும். இரண்டு பக்கமும் இந்தப் பெண்தான் மாட்டுவாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான். அவள் படிப்பு நின்றுபோகும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கி அனுப்பியது யார் என்ற கேள்வியும் எனக்குள் ஓடியது. என் மாமனாருக்கும் குத்தகையில் நாலு ஏக்கர் இருந்தது, கூலி ஏறினால் எங்கள் வீட்டிலும் இடிக்கும் என்பதும்கூட ஓடியது.

"டீச்சர், இத வீட்ல சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"மூச்சு விடாத. யார்ட்டயும். உனக்கும் வம்பு, எனக்கும் வம்பு."

"சரி டீச்சர்" என்றாள். சீட்டைப் பார்த்தபோது சொன்ன அதே சரி.

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு வம்பு? திங்கக்கிழமை லீவு போட்டுடு" என்றார். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆறுதலாக இருந்ததே அவமானமாகவும் இருந்தது. அந்தப் பெண்ணின் வாயைக் கட்டிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? லாரி வந்து அவள் அப்பா முன்னால் போய் நின்று அடிபட்டால், தெரிந்தும் சொல்லாத பாவம் ஆயுசுக்கும் அவளை அரிக்குமே. காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். நானே போய்ச் சொல்லிவிடுவது. பழி முழுவதும் என் தலையில் விழட்டும், அவள் தப்பித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்று ஆரம்பிப்பது நல்லது என்று பட்டது. அவளைக் காப்பாற்றத்தானே போகிறேன், அதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்.

மூன்று வருடமாக அந்த ஸ்டாப்பில் இறங்கியவள் நான். கீழத்தெருவுக்குள் அன்றுதான் முதல் தடவை கால் வைத்தேன். புங்க மரத்தடியில் கூட்டம் போட்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. யாரோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். அடிபம்பு ஓரத்தில் அந்தப் பெண் குடத்தோடு நின்றாள். குட்டையான ஒரு மனிதர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். அவள் அப்பா.

"வாங்க டீச்சரம்மா. என்ன இம்புட்டுத் தூரம்? பொண்ணு ஏதும் படிப்புல கொறயா?"

ஒத்திகை பார்த்தது மட்டும் தானாக வந்தது.

"உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. நேத்து அவளப் பண்ணைக்கு அனுப்பினது நான்தான். எல்லாப் பழியும் எனக்குத்தான்."

அடிபம்பு ஓரத்தில் அவள் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. வேண்டாம், வேண்டாம் என்று. நான் சொல்லி முடித்திருந்தேன்.

நான் பதற்றத்தில் மேலே மேலே பேசினேன். லாரி வருவதைச் சொன்னேன். வேதாரண்யம் ஆட்கள் என்றேன்.

"லாரி வர்றது காலையிலயே தெரியுங்க" என்றார் அவர். "டீக்கடையில பேசிக்கிட்டாங்களாம். அதுக்குத்தான் கூட்டமே. தாசில்தாருக்கு ஆள் போயிருக்கு. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி பாலத்துல உக்காந்துருவோம்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இதுதான் தெரியாது."

கூட்டத்தில் வயதான ஒருவர், தெருவின் நாட்டாமை, இருமிவிட்டுச் சொன்னார். "பேச்சு முடியிற வரைக்கும் பண்ணை வாசல்ல தெரு ஆளு யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டோம். போட்டது நீதான்ப்பா. போன வாரம் வெத்தல வாங்கப் போறேன்னு அந்தப் பக்கம் போனவனத் தெருவுல விழுந்து கும்பிட வெச்சதும் நீதான். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அவ சின்னப் பொண்ணு, பள்ளிக்கூடத்து விஷயமா" என்று நான் எழுந்தேன்.

"நீங்க சொன்னது போதும் டீச்சரம்மா" என்றார் அவள் அப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். புங்க மரத்துக்கு முன்னால், அந்த அறுபது பேரையும் பார்த்து, மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது நெற்றியிலும் மீசையிலும் புழுதி. அதைத் துடைத்துக்கொள்ளாமலே, இனிக் கூலிப் பேச்சுக்குத் தனக்குப் பதில் வேறு ஆள் உட்காரட்டும் என்றார். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன். அழுவதற்கு எனக்கு அங்கே என்ன உரிமை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"டீச்சரக் கொண்டுபோய் பஸ் ஏத்திவிட்டு வா" என்று அவர் மகளிடம் சொன்னார்.

வாய்க்கால் கரை வழியாக நடந்தோம். இரண்டு பக்கமும் முற்றிய சம்பாக் கதிர் சாய்ந்து கிடந்தது. பாதி தூரத்தில், டீக்கடைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"டீக்கடைக்குத் தெரியாது டீச்சர். காலையில அத்தைகிட்ட நான்தான் சொன்னேன், டீக்கடையில பேசிக்கிறாங்கன்னு. அத்தை எதக் கேட்டாலும் தானே நேர்ல கேட்ட மாதிரித்தான் சொல்லுவாங்க. எம் பேரு வராது. ஒம்போது மணிக்கெல்லாம் தெரு முழுக்கத் தெரிஞ்சிருச்சு."

நான் மூச்சு விடாதே என்று சொன்னதை அவள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரிடம் சொன்னால் எப்படிப் போய்ச் சேரும், யார் பெயர் வெளியே வராது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். பதினேழு வயது. தெருவையும் காப்பாற்றி, அப்பாவையும் காப்பாற்றி, தன்னையும், என்னையும்கூடக் காப்பாற்றி முடித்துவிட்டிருந்தாள். நான் பஸ் ஏறி வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டேன்.

"கட்டுப்பாடு இருக்குன்னு தெரிஞ்சும் ஏம்மா போன?"

"சட்டம் போட்டுட்டீங்களே டீச்சர், மாத்தினா எல்லாருக்கும் ரத்துன்னு." கொஞ்சம் தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள். "ஆசையும்தான். எங்க வீட்ல எல்லாரும் அந்த வீட்டுக்குக் கொல்லப் பக்கமாத்தான் போயிருக்கோம். நாக்காலியில உக்காந்து, உள்ள என்னதான் பண்றாங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்களா?"

"தெரியல டீச்சர்."

பஸ் வந்துவிட்டது. அவள் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை லீவு போடவில்லை, போனேன். பாலத்தில் போலீஸ் வேன் நின்றது. லாரிகள் பாலத்தைத் தாண்டவில்லை, திரும்பிப் போய்விட்டன என்றார்கள். தாசில்தார் முன்னால் பேச்சு நடந்து புதன்கிழமை கூலி முடிவானது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லாரும் அதையே நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை மட்டும் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை கூப்பிட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தாள். பரீட்சை எழுதட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம். கடைசி பீரியடுக்கு மட்டும் போக வேண்டாம் என்றாராம். அந்த வகுப்புக்கு உரியவள் அவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் அது இல்லாமல் போயிற்று. மத்தியானம் அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்ன மன்னிச்சிரும்மா. உன்னக் காப்பாத்தணும்னுதான் வந்தேன்."

"தெரியும் டீச்சர்."

பிறகு, மரியாதை குறையாமல், மெதுவாகச் சொன்னாள்.

"தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சர்."

பண்ணைச் சீட்டு அவள் கைக்குப் போனபோதும் நான் அவளைக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொள் என்று சொன்னபோதும் கேட்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி முழுவதும் தூங்காமல் அவளைப் பற்றியே கவலைப்பட்டேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.